அன்ரனின் அக்கா

மன்னாரில் இப்போது பராமரிப்பாளர் பயிற்சி நடக்கிறது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடிக் கட்டடம். சீருடை போட்ட இளம் பிள்ளைகள் ஒரு ரப்பர் பொம்மையைக் கட்டிலில் கிடத்தி, உடம்பு துடைத்து, உடுப்பு மாற்றிப் பழகுகிறார்கள். படித்து முடித்தால் சான்றிதழோடு வெளிநாடு போகலாம். அங்கே யாரோ ஒருவருடைய தாயையோ தகப்பனையோ பார்ப்பார்கள். நல்ல தொழில்தான். ஓய்வு பெற்ற தாதி என்பதால் என்னையும் ஒருநாள் வந்து பேசச் சொல்லிக் கேட்டார்கள். போனேன்.

பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பினாள்.

"மிஸ்ஸி, நாங்கள் இதை மாசக்கணக்காப் படிக்கிறம். அப்பிடியும் பயமா இருக்கு. வீட்டில வருத்தக்காரரைப் பாக்கிற சனம் ஒண்டும் படிக்கிறேல்லத்தானே. அவை என்னெண்டு சமாளிக்கினம்?"

இங்கே தாதிமாரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அன்பிருந்தால் எல்லாம் கைக்கு வரும் என்று ஏதோ சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். வீட்டுக்கு வருகிற வழியில் அந்தப் பதில் எனக்கே போதாமல் இருந்தது. சமாளித்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் கண்டிருக்கிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பிள்ளைக்கு நான் பாதிதான் சொன்னதாக இருக்கும்.

நான் முருங்கன் பக்கத்து ஆள். அப்பா வயல் செய்தவர். யாழ்ப்பாணத்தில் தாதியர் பயிற்சி எடுத்தேன். சண்டைக்காலம். படித்ததைவிட ஓடியது அதிகம். அந்த வருடங்களைத் தொட்டால் இது வேறு கதையாகிவிடும், விடுகிறேன். பயிற்சி முடிந்து மன்னார் ஆஸ்பத்திரியில் மருத்துவ வாட்டுக்கு வந்தபோது எனக்கு ஊசி போடத் தெரியும், மருந்து கொடுக்கத் தெரியும், உத்தரவுப்படி நடக்கத் தெரியும். மனிதரைத் தொடத் தெரியாது. அதைப் பிலோமினா மிஸ்ஸியிடம்தான் பழகினேன்.

பிலோமினா மிஸ்ஸி வாட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர். குள்ளமான ஆள். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு நோயாளியைத் தொடுமுன் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். பிறகு என்ன செய்யப்போகிறார் என்பதைச் சொல்வார். "அம்மா, இப்ப உங்களைச் சுவர்ப் பக்கம் திருப்பப் போறன்." நோயாளிக்கு நினைவே இல்லாவிட்டாலும் சொல்வார். நான் ஒருநாள், "அவவுக்குக் கேக்காதே மிஸ்ஸி," என்றேன். "எனக்குக் கேக்கும்தானே," என்றார். சொல்லிவிட்டுச் செய்தால் கை மெதுவாகும் என்பது அவருடைய எண்ணம். செய்து பார்த்தேன். உண்மைதான்.

வாட்டில் நோயாளியை எல்லோரும் பார்க்கிறார்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறவரை ஒருவரும் பார்ப்பதில்லை என்று அடிக்கடி சொல்வார். காலையில் வந்ததும் துணைக்கு நிற்கிறவரிடம்தான் முதல் போவார். சாப்பிட்டீர்களா, நித்திரை கொண்டீர்களா என்று கேட்பார். அவர்களுடைய கைகளைப் பார்ப்பார். "இன்னும் கொஞ்ச நாளில இந்த நோயாளி வீட்டுக்குப் போயிடும். பிறகு இந்தக் கைதான் வாட், இந்தக் கைதான் நேர்ஸ்," என்பார்.

முருங்கனுக்கு அங்கால் ஒரு ஊரிலிருந்து வயல் செய்கிற கந்தையா என்ற கமக்காரர் மனைவியைக் கொண்டுவந்திருந்தார். அவவுக்கு ஒருபக்கம் வாதம் அடித்து, வாயும் கோணி, பேச்சு நின்றுவிட்டது. கந்தையா கையைக் கட்டிக்கொண்டு கட்டில்காலடியில் நிற்பார். மனைவியைத் தொடமாட்டார். வெள்ளாங்குளத்தில் கட்டிக்கொடுத்த மகள் வந்து பார்ப்பாள் என்றார். மகளுக்குக் கைக்குழந்தை. அவளால் வர முடியவில்லை. வீட்டுக்கு விடுகிற நாள் நெருங்கியது.

பிலோமினா மிஸ்ஸி அவரைக் கூப்பிட்டார். "ஐயா, சேட்டைக் கழட்டிப்போட்டு இந்த வெறுங்கட்டிலில ஒருக்காப் படுங்கோ."

அவர் வெட்கப்பட்டார். ஆனால் படுத்தார். "உங்களுக்குக் கையும் வராது, காலும் வராது, வாயும் வராது எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ," என்று சொல்லிவிட்டு, மிஸ்ஸி எனக்கும் இன்னொரு தாதிக்கும் கண்ணைக் காட்டினார். நாங்கள் ஒரு வார்த்தை பேசாமல் அவரைச் சடாரென்று பிரட்டினோம். அவர் கட்டில் சட்டத்தை எட்டிப் பிடித்தார்.

"பிடிக்கக் கூடாது. உங்களுக்குக் கை வராது," என்றார் மிஸ்ஸி.

பிறகு அவரே செய்து காட்டினார். முதலில் சொன்னார். தூரப்பக்கத்து முழங்காலை மடித்தார். ஒரு கை தோளுக்குப் பின்னால், ஒரு கை இடுப்புக்குப் பின்னால். தன்னை நோக்கி, ஒரே சீராக உருட்டினார். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்தார். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒன்று. குதிக்கால் மெத்தையில் படாமல் கணுக்காலின் கீழே ஒன்று.

"என்ன வித்தியாசம் ஐயா?"

கந்தையா படுத்தபடியே யோசித்தார். "முதல் தரம் விழப்போறன் எண்டு நினைச்சன்."

"அவவும் அப்பிடித்தான் நினைக்கிறா. சொல்ல வாய் வராது."

அவர் எழும்பிச் சேட்டைப் போடவில்லை. வெறும் மேலோடு மனைவியின் கட்டிலுக்குப் போனார். "பரமேசு, இப்ப உன்னைத் திருப்பப் போறன்," என்றார்.

அந்தக் கிழமை முழுக்க அவருக்குப் பழக்கினோம். உடுப்புப் போடும்போது வாதம் அடித்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியாகக் கழற்ற வேண்டும். சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்த்தி இருத்தி, நல்ல பக்கத்துக் கன்னத்தில் வைக்க வேண்டும், விழுங்கினாளா என்று தொண்டையைப் பார்க்க வேண்டும். தண்ணீர் புரைக்கேறும், கஞ்சி கொஞ்சம் தடிப்பாக இருக்க வேண்டும். வயலில் நின்ற கை. கரண்டியை மண்வெட்டிபோல இறுக்கிப் பிடித்தது. பழகிக்கொண்டார். பிறகு கிளினிக்குக்கு மாதாமாதம் கூட்டிவருவார். தலையைக் கோணல்மாணலாகப் பின்னி, ஒரு செவ்வரத்தம்பூவும் செருகியிருப்பார்.

ஒருநாள் அவர் தனியாக வந்தார். பத்திரிகைத்தாளில் சுற்றிய ஒரு பொருளைப் பிலோமினா மிஸ்ஸியின் மேசையில் வைத்தார். நாங்கள் கொடுத்துவிட்ட மலச்சட்டி. மினுக்கிக் கழுவியிருந்தது.

"வீட்டில இது சும்மா கிடக்குது மிஸ்ஸி. ஆருக்கும் உதவும்," என்றார்.

மிஸ்ஸி எழும்பி அவருக்குத் தன்னுடைய கதிரையைக் கொடுத்தார். அவர் இருந்தார். வெகுநேரம் இருந்தார். நாங்கள் எங்கள் வேலையைச் செய்தோம். மனைவி போன பிறகு அவருக்குப் போக இடம் இருந்தது, செய்ய வேலை இல்லை என்று எனக்குப் பட்டது.

பிலோமினா மிஸ்ஸி ஓய்வு பெற்று, சில வருடங்களில் காலமானார். நான் வாட்டிலிருந்து மாறி, வீடு தேடிப் போய்ப் பார்க்கிற வேலைக்கு வந்தேன். ஸ்கூட்டரில் மன்னார்த் தீவு முழுக்கப் போவேன். ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிய ஆட்கள்தான் என் நோயாளர். அப்படித்தான் அன்ரனிடம் போனேன்.

தலைமன்னார் வீதியில் போய், கடல்பக்கம் திரும்பினால் வருகிற ஒரு கத்தோலிக்கக் கிராமம். அன்ரன் அட்டை பிடிக்கச் சுழியோடுகிறவன். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போய்க் கடலட்டை பொறுக்குவார்கள். ஆழத்திலிருந்து ஏறும்போது நின்று நின்று ஏற வேண்டும். அவசரப்பட்டால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி நரம்பைக் கெடுத்துவிடும். அன்ரன் ஒருநாள் அவசரமாக ஏறிவிட்டான். படகில் ஏறி, சிரித்து, தண்ணீர் வாங்கிக் குடித்தானாம். பிறகு, "அண்ணா, என்ர காலைக் காணேல்ல," என்றானாம். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. கொழும்பில் மாதக்கணக்கில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தாய் தகப்பன் இல்லை. பார்த்தது அக்கா ஜெசிந்தா. கல்யாணம் கட்டாதவள். ஊர்ப் பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தவள், தம்பி வந்ததோடு வேலையை விட்டுவிட்டாள். தெருவால் போகிற சிறுவர்கள் இன்னும் வேலிக்கு மேலால், "ரீச்சர்," என்று கூப்பிட்டுப் போவார்கள்.

நான் முதன்முதல் போனபோது அன்ரனின் முதுகடியில் உள்ளங்கை அளவு படுக்கைப் புண். உள்ளே எலும்பு தெரிந்தது. நாற்றம் வாசலுக்கே வந்தது. "இது ஆறுமோ மிஸ்ஸி?" என்று ஜெசிந்தா கேட்டாள். "ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பிரட்டினால் ஆறும்," என்றேன். அப்படிச் சொன்னால் பெரும்பாலானவர்கள் இரவில் விட்டுவிடுவார்கள். மனிதர்தானே. ஜெசிந்தா விடவில்லை. தொலைபேசியில் மணி வைத்துக்கொண்டு இரவும் பகலும் எழும்பினாள். கொதித்தாறிய உப்புத் தண்ணீரால் கழுவி, சுத்தமான துணி வைத்தாள். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, விரலால் அமர்த்திப் பார்த்து, சிவப்பு வெளிறாவிட்டால் அந்தப் பக்கம் படுக்க விடக்கூடாது என்று ஒருதரம்தான் சொன்னேன். சிறுநீர் போகிற சலக் குழாய் மாட்டிய பையை இடுப்புக்குக் கீழே தொங்கவிடுவது, சலத்தின் நிறம் பார்ப்பது எல்லாம் ஒருதரம்தான் சொன்னேன். ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. புண் மூடியது. என் வேலைக்காலத்தில் அந்த அளவுப் புண் வீட்டில் மூடியதை நான் வேறு எங்கும் காணவில்லை.

அவளுடைய வாழ்க்கை இரண்டு பிரட்டலுக்கு நடுவில் நடந்தது. காலைப் பூசைக்குப் போவாள், கடைசிப் பாட்டுக்கு நிற்கமாட்டாள். வங்காலையில் சொந்தத்தில் கல்யாணம் என்றால் தாலி கட்டியதும் பஸ் ஏறிவிடுவாள். மடு மாதா திருவிழாவுக்கு ஊரே வெளிக்கிட்டுப் போகும்போது தெருவில் நின்று கையசைப்பாள். ஒருமுறை வெள்ளாங்குளத்திலிருந்து அவளோடு படிப்பித்த ஒரு ரீச்சரின் தமையன், பெண்சாதி செத்தவர், அவளைக் கேட்டு வந்தார். "இவனையும் கூட்டிக்கொண்டு வரலாமெண்டால் வாறன்," என்றாளாம். அந்த மனிதர் யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர்தான்.

இதையெல்லாம் அவள் முறைப்பாடாகச் சொன்னதில்லை. நான் அவள் சாப்பிட்டாளா என்று கேட்டால், "ஓம் மிஸ்ஸி, இப்பதான்," என்பாள். குசினியில் சட்டி மூடியபடி இருக்கும்.

அடுத்த ஒழுங்கையில் மூத்த தமையன் குரூஸ் இருந்தார். மீன்பிடிகாரர். ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்ததும் ஒரு பையில் மீன் கொண்டுவந்து வேலியில் கொளுவிவிட்டுப் போவார். கறிக்கு வேண்டிய மீன் ஒருநாளும் தப்பியதில்லை. ஆனால் வீட்டுக்குள் வரமாட்டார். அவருடைய மனைவி செல்வராணி மட்டும் இடைக்கிடை வந்துபோவாள்.

ஒரு சோழகக் காற்றுக் காலம். மண்ணை அள்ளி முகத்தில் எறிகிற காற்று. நான் அன்ரனின் சலக் குழாயை மாற்றிக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அன்ரன் வாசலைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"மிஸ்ஸி, அக்கா இப்ப என்னை ஒரு கையாலதான் பிரட்டுறா."

"ஏன், கை நோவோ?"

"கேட்டால் ஒண்டுமில்லை எண்டுறா. மேலுக்கு நிறைய மருந்தெண்ணெய் பூசுறா. ஆனா அதுக்குக் கீழால ஒரு மணம் வருது." அவன் திரும்பவும் வாசலைப் பார்த்தான். "என்ர புண் நாறின மணம் எனக்கு மறக்காது மிஸ்ஸி. அந்த மணம்."

ஜெசிந்தா வாளியை வலக்கையில் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் அவளைக் குசினிக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். "சட்டையைக் கழட்டுங்கோ ஜெசிந்தா," என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அடுப்புக் கட்டோடு சாய்ந்து நின்று கழற்றினாள்.

இடப்பக்கத்து மார்பு கல்லாக இருந்தது. ஒரு இடத்தில் தோல் வெடித்திருந்தது. அவள் அதற்கு மேலே, தம்பியின் புண்ணுக்கு வைக்கிறது போலவே, கொதித்தாறிய தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியை மடித்து வைத்திருந்தாள். கக்கத்திலும் கட்டிகள். நான் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் தொட்டேன். என் கை தானாகச் செய்தது.

"எவ்வளவு காலமா?"

"போன மாரி, வாடைக் காத்து வீசேக்கயே தெரியும்."

"ஏன் சொல்லேல்ல?"

"சொன்னால் கொழும்புக்கு அனுப்புவியள். அங்க மறிச்சு வைச்சிருப்பினம். இவனை ஆர் பிரட்டுறது? ஒரு கிழமையில புண் வந்திடும். இன்னொருக்கா வந்தால் ஆறுறது கஷ்டம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

நான் சொன்னதுதான். உண்மையும் அதுதான். நான் கன்னியாஸ்திரிமார் நடத்துகிற ஒரு இல்லத்தைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சக் காலத்துக்கு அன்ரனை அங்கே விடலாம் என்றேன்.

"நல்லாப் பாப்பினம், எனக்குத் தெரியும்," என்றாள் அவள். சட்டையின் தெறிகளை ஒரு கையால் பூட்டிக்கொண்டிருந்தாள். "ஆனா அவனுக்குக் கவலை வந்தால் சாப்பிடமாட்டான். சாப்பிட்டனான் எண்டு சொல்லுவான். அதை அங்க ஆர் கண்டுபிடிக்கிறது?"

நான் ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டுக் கரைக்கு நடந்தேன். குரூஸ் படகு நிழலில் இருந்து வலையின் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை அவருடைய கை வலையை விடவில்லை. பிறகு விட்டது.

"தங்கச்சிக்கோ?" என்றார். "தங்கச்சிக்கோ மிஸ்ஸி?"

"அவ போகோணும். உடன போகோணும். நீங்கள்தான் அன்ரனைப் பாக்கோணும்."

"மனிசியை விடுறன். காசு தாறன். ஆள் பிடிச்சு விடுறன். நான் அந்த அறைக்குள்ள போறேல்ல."

"ஏன்?"

அவர் கடலைப் பார்த்தார். "அண்டைக்குப் படகில நான்தான் இருந்தனான். காத்து எழும்பிச்சுது. படகு நிக்குதில்லை. கெதியா வா எண்டு அவன்ர இடுப்புக் கயிறை நான்தான் இழுத்தனான். அவன் கெதியா வந்தான்." வாயைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை வருசத்தில அவன் ஒருத்தருக்கும் அதைச் சொல்லேல்ல. நான் உள்ள போனால் முகத்துக்கு நேர சொல்லிப்போடுவான். அதுதான் மீனைக் கொளுவிப்போட்டு வாறன்."

"ஜெசிந்தா ஒத்தைக் கையாலதான் அவனைப் பிரட்டுறா," என்று மட்டும் சொன்னேன். அவர் எழும்பி, கடல் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு என் பின்னால் வந்தார்.

வாசல்படியில் நின்றுவிட்டார். அன்ரன் கட்டிலில் கிடந்தபடி அவரைப் பார்த்தான். ஜெசிந்தா சுவரோடு நின்றாள்.

"தம்பி," என்றார் குரூஸ். "அண்டைக்கு நான் அந்தக் கயிறை..."

"தெரியும்," என்றான் அன்ரன். "நான்தானே கயித்தின்ர மற்றத் தொங்கலில நிண்டனான்."

குரூஸ் தலையைக் குனிந்தார்.

"அண்ணா, அதைப் பிறகு கதைப்பம். அக்கா போகோணும். வந்து என்னைப் பிரட்டப் பழகு."

அவர்கள் அதைப் பிறகு கதைத்தார்களா என்று எனக்குத் தெரியாது.

நான் பிலோமினா மிஸ்ஸி செய்தது போலவே செய்ய நினைத்தேன். பாயை விரிக்கச் சொல்லி, நானே படுத்துக் குரூஸுக்குக் காட்டுகிறேன் என்றேன். "நீங்கள் வேண்டாம் மிஸ்ஸி, நான் படுக்கிறன்," என்றாள் ஜெசிந்தா. படுத்தாள். இத்தனை வருடம் அந்த வீட்டுக்குப் போய்வந்ததில் அவள் படுத்திருந்ததை அன்றுதான் முதலில் கண்டேன்.

நல்ல பக்கத்துக்கு உருட்டும்படி குரூஸுக்குச் சொன்னேன். வலை இழுத்துக் காய்த்துப்போன பெரிய கைகள். தோளுக்குப் பின்னால் ஒன்று, இடுப்புக்குப் பின்னால் ஒன்று. "தங்கச்சி, இப்ப திருப்பப் போறன்," என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நோகுதோ?"

"இல்லை அண்ணா. நல்லாத்தான் திருப்புறாய்."

முடிந்த பிறகும் அவள் எழும்பவில்லை. நாங்களும் எழுப்பவில்லை. குரூஸ் அன்ரனின் கட்டிலுக்குப் போனார். மடித்த பழைய சேலையை அவனுக்குக் கீழே எப்படி விடுவது, எந்த நுனியைப் பிடித்து இழுப்பது என்று அன்ரனே சொன்னான். ஜெசிந்தா பாயில் கிடந்தபடி, "குதிக்கால், அண்ணா, குதிக்காலுக்குத் தலையணை," என்றாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய மூச்சு மாறியது. நித்திரையாகிவிட்டாள்.

அவள் கொழும்புக்குப் போனாள். செல்வராணி துணைக்குப் போனாள். பெரிய டொக்டர்மார் செய்யக்கூடியதைச் செய்தார்கள். மருந்து ஏற்றினார்கள், கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். புற்று ஈரலுக்கும் எலும்புக்கும் போய்விட்டது என்று சொன்னார்கள். ஏன் முதலே வரவில்லை என்று ஒரு டொக்டர் கேட்டாராம். அதற்கு ஜெசிந்தா, "வீட்டில வேலை இருந்தது சேர்," என்றாளாம். செல்வராணி இதை எனக்குச் சொல்லும்போது அழுதாள். ஜெசிந்தா கொழும்பில் இருந்த காலம் முழுக்க அன்ரனின் முதுகில் ஒரு சிவப்புக்கூட வரவில்லை. குரூஸ் கடலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு, பகலில் கரையை அண்டித்தான் தொழில் செய்தார்.

நோவுக்கு மருந்து கொடுத்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது அவளும் என் நோயாளி.

ஜெசிந்தாவுக்குப் பிறர் கையில் இருக்கத் தெரியவில்லை. செல்வராணி குளிக்க வார்த்தால், "மச்சாள், குறை நினைக்காதேங்கோ," என்பாள். குரூஸ் தூக்கி இருத்தினால், "அண்ணா, உனக்கு இடுப்புப் பிடிச்சிடும், விடு," என்பாள். நான் மருந்து கொடுத்தால், வெயிலுக்குள் வந்த எனக்குத் தேத்தண்ணி போட ஆளில்லையே என்று கவலைப்படுவாள். பிறரைப் பார்க்கக் கை வராதவர்களை நான் பழக்கியிருக்கிறேன். பிறர் கையை ஏற்றுக்கொள்ள ஒருவரைப் பழக்குவது எப்படி என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.

அவள் சாப்பிட மறுத்தாள். பசி இல்லை என்றாள். நோயும் காரணம்தான். ஆனால் அடுத்தவர் ஊட்ட வாயைத் திறப்பதற்கு அவளுக்குக் கூச்சம். அன்ரன் மற்றக் கட்டிலில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, என்ர கட்டிலை அக்காவின்ர கட்டிலோட சேத்துப் போடு," என்றான் ஒருநாள். நான் அங்கே இருந்தேன்.

குரூஸ் கட்டிலை இழுத்துச் சேர்த்தார். அன்ரனைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்தார். அன்ரன் கஞ்சிக் கோப்பையை வாங்கினான். சுழியோடியின் தோள்கள், பலமான கைகள். இடுப்புக்குக் கீழேதான் அவன் இல்லை. ஒரு கரண்டி அள்ளி, ஊதி, அக்காவின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனான்.

"நீ விடு தம்பி. உனக்கேன் வேலை?"

"அக்கா, வாயைத் திற."

"எனக்கு வேண்டாமடா."

"சாப்பிட்டனான் எண்டு நான் பொய் சொல்லேக்க நீ என்ன செய்வாய்?"

அவள் கரண்டியைப் பார்த்தாள்.

"கரண்டியைப் பிடிச்சுக்கொண்டு அப்பிடியே இருப்பாய். நானும் இருப்பன். எனக்கு வேற எங்க போக இருக்கு?"

அவள் சிரித்தாள். வாயைத் திறந்தாள்.

அதன்பிறகு அவனே பார்த்தான். முகம் துடைத்தான். மருந்தால் கொட்டிப்போய்த் திரும்பவும் கட்டையாக முளைத்திருந்த தலைமயிரைச் சீப்பால் வாரிவிட்டான். நாக்குக் காய்ந்தால் பஞ்சை நனைத்து உதட்டைத் தடவினான். நோவு கூடினால் அவளுடைய கை அவன் கையைத் தேடும். அதை வைத்து மருந்து நேரத்தை அவன் செல்வராணிக்குச் சொல்வான். நான் போகும்போது அவள் எத்தனை வாய் சாப்பிட்டாள், நோவு எங்கே, சலம் போனதா என்று எல்லாம் சொல்வான். வாட்டில் வேலை முடிந்து அடுத்த ஆளிடம் பொறுப்புக் கொடுக்கிற தாதியைப் போலச் சொல்வான். ஜெசிந்தா மன்னிப்புக் கேட்பதை மெல்ல மெல்ல விட்டாள். கடைசியில் அவன் ஊட்டுமுன்னரே வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பாள், சின்னப்பிள்ளை போல. அதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது என்று சொன்னால் பிழை. ஆனால் துக்கம் மட்டும் என்றாலும் பிழை.

பங்குச் சுவாமி வந்து எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுப் போன அடுத்த நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவள் போனாள். செல்வராணி முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அன்ரன்தான் அறிந்தான். அவன் சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கூப்பிட்டதாகச் சொன்னான்.

அவளை அடக்கம் செய்த சேமக்காலைக்குப் போகிற பாதை மணல். சில்லுக் கதிரை அதில் உருளாது. குரூஸ் அன்ரனை முதுகில் சுமந்துகொண்டு பெட்டிக்குப் பின்னால் நடந்தார். பாலர் பாடசாலையில் அவளிடம் படித்து வளர்ந்தவர்கள் பெட்டியைத் தூக்கினார்கள். இறக்கும் வேளையில் குரூஸ் மண்ணில் முழங்காலிட்டு இருந்து, தம்பியை விழாமல் பின்னாலிருந்து அணைத்துப் பிடித்துக்கொண்டார். அன்ரன் ஒரு பிடி மண் அள்ளிப் போட்டான். பிறகு இன்னொரு பிடி. சுவாமி ஜெபத்தை நிறுத்திவிட்டு அவன் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு நான் வீட்டுக்குப் போனேன். குரூஸ் பூசைக்கு வந்தவர்களை முற்றத்தில் உபசரித்துக்கொண்டு நின்றார். நான் அன்ரனின் முதுகைப் பார்ப்பதற்காக அவனைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். தோல் சுத்தமாக இருந்தது. பழைய புண்ணின் தழும்பு மட்டும் வெள்ளையாக மினுங்கியது. மற்றக் கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள்.

நான் ஈரத்துணியால் முதுகைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவன் சுவரைப் பார்த்தபடி பேசினான்.

"மிஸ்ஸி, அக்கா என்னைப் பாத்த இத்தனை வருசத்தில என்ர ரெண்டு கையும் சும்மாதான் கிடந்தது."

நான் துடைப்பதை நிறுத்தவில்லை.

"அவவுக்கு நான் தலை வாரிவிட்டிருக்கலாம். வெங்காயம் உரிச்சுக் குடுத்திருக்கலாம். அவ சாப்பிடேல்ல எண்டு தெரிஞ்சு, இதில வா எண்டு இருத்தி ஒரு வாய் ஊட்டியிருக்கலாம். எனக்குத் தோணவே இல்லை. நான் வருத்தக்காரன் எண்டுதான் கிடந்தனான்."

அவனுடைய முகம் எனக்குத் தெரியவில்லை. தோள் மட்டும் அசைந்தது.

"அவ ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்தானே மிஸ்ஸி?"

"ஜெசிந்தா கேக்க மாட்டா," என்றேன்.

"ஓம்," என்றான். "கேக்க மாட்டா."

முற்றத்தில் ஆட்கள் விடைபெற்றுப் போகிற சத்தம் கேட்டது. நான் துணியைப் பிழிந்து வாளியின் விளிம்பில் போட்டேன். அவன் கையை எட்டிக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

"மற்றப் பக்கம் திருப்பி விடுங்கோ மிஸ்ஸி," என்றான். "நானும் சேந்து இழுக்கிறன்."